நியூஸ் சேனலை மட்டும் எடுத்துக் குடுங்க

அந்த ஒயர விடுங்க இன்னாசிண்ணே, அது மிக்சி ஒயரு. கேபிள் ஒயரு இங்கிட்டு, சன்னல் வழியா வருது பாருங்க. சீரியலா? அது கெடக்கட்டும். எனக்கு அந்த இங்கிலீசு நியூஸ் சேனலு வந்தாப் போதும்.

சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு சண்ட நடக்குற எடத்துல கேமரா புடிக்கிறாருல்ல, அந்தச் சேனலுக்குத்தான். அவரு எங்க தெரிவாரு? எடுக்குறவரே அவருல்ல. வெள்ளக்காரரு ஒருத்தரு ஹெல்மெட்டும், குண்டு தொளைக்காத சட்டையுமா நின்னு பேசுவாரு. அவருக்கு எதுத்தாப்புல அதே குண்டுக்கு நடுவுல நிக்கிறவருதான் இவரு.

போன பொங்கலுக்கு வந்தப்ப நம்ம திருக்கோகர்ணத்துல பாராட்டு விழா வச்சாங்களே, ஃபிளெக்ஸ் பாத்தீங்களா? போர்க்களம் கண்ட புதுகைச் சிங்கமேன்னு இவரு பேரப் போட்டு, அந்த வெள்ளக்காரரு மூஞ்சியப் போட்டு வச்சிருக்காங்க. என்னங்கடா இதுன்னா, டிவியில அவருதானக்கா வாராருங்கிறானுங்க. நல்லவேள, சால்வைய இவருக்குப் போத்துனாங்க.

சொந்தபந்தம் அதுக்கு மேல. எங்க கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து. சண்டையவே எடுத்தவன் இருக்கையில வெளியாளு எதுக்குன்னு இவரு கையில கேமராவக் குடுத்துட்டாங்க. தாய்மாமன் வெள்ளைச்சாமி சீர்த்தட்டோட வரிசையா வாராரு. வாசல்ல எவனோ வெடிவேட்டப் போட்டான். இவரு படக்குன்னு தரையில படுத்துட்டாரு. கேமரா மட்டும் ஓடுறது நிக்கல. வீடியோ பூராம் காலுதான், தட்டு ஒண்ணுகூடப் படத்துல விழுகல. சீரு கொண்டாந்தது ஊருக்குத் தெரியாமப் போச்சேன்னு வெள்ளைச்சாமிக்கு இன்னம் ஆறல. மனுசன் ஏன் படுத்தாருன்னு ஒருத்தரும் கேக்கலண்ணே.

போன்லயா? மகளும் அதத்தான் சொல்றா. தேடுனா உடனே வந்துரும்மாங்கிறா. எனக்குக் கை வரல. நாமளாப் போயி தேடுறதுக்கு, டிவின்னா அவுங்களாச் சொல்லுவாங்கல்ல.

ஒண்ணுமில்ல. நேத்து அந்த வெள்ளக்காரரு ஹெல்மெட்டெல்லாம் இல்லாம ரூமுல ஒக்காந்து பேசுனாரு. கண்ணு செவந்திருந்துச்சு. இங்கிலீசு எனக்கு எங்க புரியுது? எங்க வீட்டுக்காரரு பேரச் சொன்னாரு, அது புரிஞ்சுச்சு. இத்தன வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்ல. அந்நேரம் பாத்துக் கேபிளு போயிருச்சு.

பச்ச லைட்டு எரியுதா? வந்துருச்சா? செத்த இருங்கண்ணே, போயிராதீங்க.