இன்னும் ஒரே ஒரு அடி

மாலை ஆறு மணி இருக்கும். கடலை ஒட்டிய ஒற்றைத் தார்ச்சாலை. எதிரே ஒரு வண்டிகூட இல்லை... காரில் என் நண்பனின் அக்காவும் அத்தானும்.

அக்கா நர்ஸ். பிணவறைக்கே தனியாகப் போய்வருகிறவள், லேசில் பயப்பட மாட்டாள். அத்தானுக்கோ கலங்கரை விளக்கப் பைத்தியம். விடுமுறைக்கு வந்த இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய கோபுரமாகத் தேடித் தேடி ஏறினார். அன்றைக்குக் கடைசியாக வந்தது, விளக்கையே எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்ட ஒன்று.

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார். "இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க."

உள்ளே சுழல்படி. உப்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. அத்தான் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். அக்காவுக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்தாள். மேலே அவர் காலடி... டப்... டப்... அதுவும் நின்றது. வெளிச்சம் மெல்ல வடிந்தது.

"மேல வாயேன்... என்னமா இருக்கு பாரு!" அத்தான் குரல்.

"கால் கடுக்குதுங்க. நீங்க இறங்குங்க!"

"அட, கொஞ்சம்தான். வா."

முனகிக்கொண்டே ஏறினாள். போகப் போக மண்ணெண்ணெய் நாற்றம்... திரி கருகுவது போல. இருட்டில் சுவரைத் தடவித் தடவி... ஒரு கதவு நிலை கையில் பட்டது. காற்று முகத்தில் அறைந்தது. குரல் இப்போது கைக்கெட்டும் தூரத்தில்.

"இன்னும் ஒரே ஒரு அடி."

காலைத் தூக்கினாள். தோள்பையில் போன் அடித்தது. அப்படியே நின்று எடுத்தாள். திரையில் அத்தான் பெயர்.

"எங்கடி போனே? நான் கார்கிட்ட நிக்கிறேன்!"

போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கதவுக்கு அப்பால் தரையே இல்லை. வெகு கீழே... பாறையில் நுரை.

எப்படி இறங்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "என்னைத் தாண்டி எப்படிங்க இறங்கினீங்க?"

அத்தான் விழித்தார். "நீதானே மேல வந்து, 'போதும், போகலாம்'னே? உன் பின்னாலதான் இறங்கினேன். வாசல்ல வந்து பார்த்தா உன்னைக் காணோம்."

அதற்கப்புறம், வீட்டில் அடுத்த அறையிலிருந்து அவர் கூப்பிட்டால்கூட அக்கா வாய் திறப்பதில்லை. முதலில் போன் போட்டுப் பார்ப்பாள்.

போன ஞாயிறு, பட்டப்பகல். அக்கா சமையலறையில் இருந்தாள். மொட்டைமாடியிலிருந்து குரல்... "இங்க வாயேன்..."

போன் போட்டாள். மணி படுக்கையறையில் அடித்தது. அத்தான் தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"என்னடி... பக்கத்துல படுத்துக்கிட்டே எதுக்குப் போன் பண்றே?"