நைட்ரஜன் அறை வாசல்

பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தாமதமாக வேலைக்கு வந்ததில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள் ஐயா. அதனால்தான் உங்கள் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் உள்ள ஒரு வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது: 'சம்பவ நேரத்தில் பணியிடத்தில் இல்லை.'

சம்பவம் நடந்த அறையில் ஆராய்ச்சி மாதிரிகளை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிகள் இருக்கின்றன. கசிந்தால் மணம் வராது, மூச்சும் திணறாது. ஆள் அப்படியே சரிந்துவிடுவார். எச்சரிக்கை மணி பழுதாகி மூன்று மாதம். பல்கலைக்கழகத்தில் கோப்பு நகரும் வேகம் உங்களுக்குத் தெரியாததா? ஆகவே ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவுக் கண்ணாடியைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் கையைத் தூக்குவார். தூக்காவிட்டால் வெளிச்சுவரில் உள்ள சிவப்பு சுவிட்சை அழுத்த வேண்டும். பெரிய விசிறி ஓடிக் காற்றை மாற்றிவிடும். அவ்வளவுதான் என் வேலை.

ஆய்வகக் கண்காணிப்பாளர் பதவி எனக்கு வரவேண்டியது. எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. "அண்ணே, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க" என்று அவரே வந்து சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

போன மாதம் நடைக்கூடத்தில் துறைத்தலைவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அவருக்கு எதுக்கு சார் பதவி உயர்வு? வாசல்ல நிக்கிறதுதானே வேலை. ஒரு நாற்காலியப் போட்டாக்கூட போதும்." துறைத்தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "சொன்னா சொல்லிட்டுப் போறார். முதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி. ஒரு வாய் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால். "அண்ணே, உள்ள போறேன், பாத்துக்குங்க" என்றார் கண்காணிப்பாளர். "பாத்துக்கறேன்" என்றேன். அவர் குனிந்து வால்வைத் திருகும்போது குழாய் இணைப்பு கழன்றது. வெண்புகை முழங்கால்வரை ஏறியது. சரியும்போது என்னைப் பார்த்தார். நாற்காலி எப்படிப் பார்க்குமோ, அப்படி நானும் பார்த்தேன்.

முறைப்படி கண்ணாடியைத் தட்டினேன். கை எழவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி தட்டினேன். மொத்தம் ஏழு முறை. அதன் பிறகே சுவிட்சை அழுத்தி, ஆட்களைக் கூப்பிட்டேன். அவரை வெளியே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததாக அலுவலக உதவியாளர் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். "அதையே ஒத்துக்குங்க, ரெண்டு இன்க்ரிமென்ட் கட்டோட போயிடும்" என்கிறார் சங்கத்துச் செயலாளர். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அது பொய்.

நான் வாசலை விட்டு நகரவே இல்லை ஐயா. சுவிட்ச் என் தோளை உரசிக்கொண்டிருந்தது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்; 'பணியிடத்தில் இல்லை' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். என் பணிப்பதிவேட்டில் இதுவரை ஒரு கறை கிடையாது.