ஏழாம் நாள் கட்சி

ஆறே நாளில் அகிலம் படைக்கப்பட்டது என்று அணுவளவும் அசையாமல் நிற்கும் எங்கள் தலைவர், மறைக்கல்வி ஆசான் சூசைதாசன் அண்ணன் அவர்களே! இல்லை, பல கோடி ஆண்டுகள் என்று அதைவிட அசையாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் இத்தாலியப் பேராசிரியர் அவர்களே! தமிழ் விளங்காமலே தலையாட்டும் உங்கள் பண்புக்குத் தனி வணக்கம். ஆறு நாளும் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து, ஏழாம் நாள் தம் வீட்டுத் தரையையும் துடைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பலேர்மோ வாழ் பெரியோரே! பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் றோபேட் ஆகிய நான் உங்களைப் பணிந்து வணங்குகிறேன்.

"ஆறு நாளா? ஆறு யுகமா?" இதுதான் இன்றைய வழக்கு. இந்த வழக்கு எங்கே பிறந்தது தெரியுமா? என் மனைவி எமிலியானா வேலை செய்யும் வீட்டில் பிறந்தது! பெற்றவர்கள் இந்த இருவர். பிரசவ வேதனை மட்டும் எங்களுக்கு!

எமிலியானா இங்கே ஒரேத்தோ தெருவில் இந்தப் பேராசிரியர் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறாள். நான் பகேரியாவில் தங்கி வேலை செய்கிறேன். கணவனும் மனைவியும் கண்ணால் காண்பது ஞாயிறு ஒன்றில்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு பிறந்த கையோடு பேராசிரியரின் மனைவி, வீட்டுக்காரச் சின்யோரா, இனி ஞாயிறும் சமைக்க வேண்டும் என்றார். மறுத்தால் வேலை போகும். வேலை போனால் இங்கே இருப்பதற்கான பெர்மெசோ போகும். உங்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமா?

தலைவரிடம் ஓடினோம். "பயப்பிடாதை தம்பி, நான் போய்க் கதைக்கிறன். பைபிளிலை ஆதியாகமத்தைத் திறந்து, கடவுள் ஓய்ஞ்ச ஏழாம் நாளைக் காட்டினா அலுவல் முடிஞ்சுது" என்றார். அடுத்த ஞாயிறே போனார். ஏழாம் நாளைக் காட்டப் போனவர் முதலாம் நாளிலேயே மாட்டிக்கொண்டார்!

பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிப்பிப்பவர். "நாள் என்றால் உண்மையாகவே நாளா, நண்பரே?" என்று ஒரேயொரு கேள்விதான் கேட்டார். எங்கள் அண்ணன் எழுந்தார். எழுந்தவர் பிறகு இருக்கவேயில்லை! "சூரியனே நாலாம் நாள்தான் வந்தது. முதல் மூன்று நாளை எந்த மணிக்கூட்டால் அளந்தார்கள்?" என்று அவர். "சூரியனைப் படைச்சவருக்கு மணிக்கூடு வேணுமோ?" என்று இவர். "மலையில் சிப்பி கிடக்கிறதே, கடலடி மெல்ல மெல்ல உயர்ந்தது" என்று அவர். "ஓம், நோவா காலத்து வெள்ளம் அதுவரைக்கும் ஏறினது!" என்று இவர்.

பிறகு வந்தது யானை. சிசிலியில் முன்னொரு காலம் கன்றுக்குட்டி உயர யானைகள் திரிந்தனவாம். மேசை லாச்சியைத் திறந்து ஒரு யானைப் பல்லையே எடுத்து வைத்தார் பேராசிரியர். அண்ணன் துள்ளினார். "பாத்தீங்களோ! இந்தளவு யானை எண்டா பேழைக்குள்ளை இடம் தாராளம்!" தீவில் தீனி குறைந்து, தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தது, அதற்கு நெடுங்காலம் எடுத்தது என்றார் அவர். அண்ணன் விட்டாரா? "நான் இஞ்சை வந்து ரெண்டு வருசத்திலை பாதியாப் போனன். யானைக்கு மட்டும் ஏன் அவ்வளவு காலம்?"

சிரிக்காதையுங்கோ, தலைவர் மணியைத் தொடுகிறார்.

இத்தனைக்கும் காப்பி கொடுத்தது யார்? எமிலியானா! மதியம் சமைத்தது யார்? எமிலியானா! ஓய்வு நாளைக் காக்கப் போனவருக்குக் கோப்பை கழுவியது யார்? ஓம், பின்வரிசையிலை சரியாச் சொல்லுறியள், எமிலியானா! அவளைக் கூட்டிப்போக வந்து கதவைத் தட்டிய என்னையும், நடுவர் இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்று பிடித்து இருத்தினார்கள். பொழுது சாய்ந்தது. பேராசிரியர் பூரித்துப்போய், "இனி ஒவ்வொரு ஞாயிறும் வாருங்கள்!" என்றார். அண்ணனும், "வாறன், வாறன். பாபேல் கோபுரம் இன்னும் தொடவேயில்லை" என்றார்.

அப்போது எமிலியானா காப்பித் தட்டை மேசையில் வைத்தாள். "சூசையண்ணை, ஆறு நாளோ ஆறு கோடி வருசமோ, நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ. ஏழாம் நாள் கடவுள் ஓய்ஞ்சார். அதிலை ஒருத்தருக்கும் பிணக்கில்லைத்தானே? என்ரை மனுசனைக் கிழமையிலை ஒருக்காத்தான் காணுறன். நான் போறன்." பிறகு அதையே இத்தாலிய மொழியிலும் சொன்னாள். பெர்மெசோ போயிற்று என்றே நினைத்தேன். பயத்தோடுதான் அவள் கையைப் பிடித்துப் படியிறங்கினேன்.

மறு ஞாயிறு பூசைக்குப் போனவள் சமைக்கத் திரும்பவில்லை. சமையலறையில் இந்த அறிஞர்கள் இருவரும்! பாஸ்தாவுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தார்கள். உலகம் முழுவதும் பிரளயம் வந்ததா என்று தொடங்கினார்கள். குழாயை மறந்தார்கள். சபையோரே, பிரளயம் நடந்ததா? நடந்தது! கீழ்வீட்டுக்காரர் நனைந்த தலையோடு ஏறிவந்து சாட்சி சொன்னார்! சின்யோரா அன்றே தீர்ப்பளித்தார். இனி அந்த வீட்டில் ஞாயிறு விவாதமும் இல்லை, விருந்தும் இல்லை, எமிலியானாவுக்கு ஞாயிறு வேலையும் இல்லை. அதனால்தான் இன்று இந்த மண்டபம்.

நான் எந்த அணி என்று கேட்கிறீர்கள். நான் ஏழாம் நாள் கட்சி! படைத்தவருக்கே ஓய்வு உண்டென்றால், படிக்கட்டுத் துடைப்பவளுக்கு இல்லையா? பார் முழுவதும் ஆள்பவர் ஒரு நாள் ஓய்ந்தாரே, பாத்திரம் கழுவுபவள் ஓயக் கூடாதா? பேராசிரியரே, உங்கள் பாறைகள் கோடி ஆண்டு காத்திருக்கும். அண்ணா, உங்கள் நித்தியத்துக்கு முடிவே இல்லை. எனக்கும் எமிலியானாவுக்கும் நாள் என்றால் நாள்தான். பூசை மணியோடு தொடங்கும், பகேரியாவுக்கான கடைசி ரயிலோடு முடிந்துவிடும்.

இந்தக் கூட்டத்தையும் ஞாயிறிலேயே வைத்திருக்கிறீர்களே, ஐயா! உங்கள் தீர்ப்பை வார நாளில் கேட்டுக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட சபைக்கு நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும்.

எமிலியானா, எழும்புமப்பா, போவம்.