ஏழு கடை, நாலு ஒப்பந்தம்

தரகர்: ...பாத்து ஏறுங்க மேடம். நாலாவது படி கொஞ்சம் ஆடும்.

மேடம்: படி ஆடட்டும். ஏழு கடையிலயும் ஆள் இருக்கு. வாடகை ஒப்பந்தம் நாலுதான் காட்டுனீங்க. மிச்சம் மூணு?

தரகர்: அதான் நானும் தேடறேன்...

மேடம்: ஒப்பந்தம் இல்லாம கட்டடத்தை வாங்கிட்டா, நாளைக்குக் கடைக்காரர் சொல்றதுதானே கணக்கு? இன்னும் பத்து வருஷம் எனக்குத்தான்னு உக்காந்துட்டா?

தரகர்: கரெக்டு. அதனாலதான் சொல்றேன், யோசிச்சு...

மேடம்: விக்கற தரகரே யோசிக்கச் சொல்றது புதுசா இருக்கு அண்ணே.

தரகர்: மனசாட்சி மேடம்.

மேடம்: அப்படியா. கீழே கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட பேசினேன். அவர் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினதே நீங்கதானாம். ஓனரோட பிரதியையும் நீங்களே எடுத்துட்டுப் போனீங்களாம்.

தரகர்: அவர்... நெறைய பேசுவார்.

மேடம்: இந்தக் கடைசி அறை யாருக்கு?

தரகர்: காலி. பல வருஷமா பூட்டு.

மேடம்: உள்ளே ஃபேன் ஓடுதே.

தரகர்: ...பல்லி ஏதாவது...

மேடம்: பல்லி ஃபேன் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கோ அண்ணே?

தரகர்: என் ஆபீஸ்தான் மேடம். இருபத்திரண்டு வருஷமா. ஓனர் வாய்வார்த்தையா குடுத்தது. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதினவன்... எனக்கு ஒண்ணு எழுதிக்கல.

மேடம்: அந்த மூணு?

தரகர்: உள்ளே பீரோவுல. புது ஓனர் வந்தா மொதல்ல வெளியே போறது நான்தானே? பேப்பர் குறையுதுன்னு காட்டினா, வாங்க வர்றவங்க தெறிச்சு ஓடிடுவாங்க.

மேடம்: இதுவரைக்கும் எத்தனை பேர் ஓடினாங்க?

தரகர்: அஞ்சு. போன வாரம் வந்தவர் கார் கதவைக்கூடச் சாத்தல. நீங்கதான் அசையவே மாட்டேங்கறீங்க... நிஜமாவே, யாருக்காக வாங்கறீங்க மேடம்?

மேடம்: நான் வாங்க வரல. ஓனரோட சின்ன மருமக, வெளியூர்ல இருக்கறதால உங்களுக்குத் தெரியாது. ஆறு மாசமா இது ஏன் விக்கலைன்னு பாக்க வந்தேன். மாமாவுக்கு ஆப்பரேஷன் தேதி குறிச்சாச்சு அண்ணே, இதை வித்தாதான் நடக்கும். பீரோவைத் திறந்து அந்த மூணையும் எடுங்க. உங்க அறைக்கும் இன்னைக்கே ஒண்ணு எழுதிடலாம், மாமாகிட்ட நான் கையெழுத்து வாங்கித் தர்றேன்... ஆனா ஓட வெச்சீங்களே அந்த அஞ்சு பேர், அதுல ஒருத்தரை நீங்களே போய்க் கூட்டிட்டு வரணும்.