பொற்கொடிக்குப் பொறந்தநாள்

அங்கன உக்காராதண்ணே, ஏலக்காய் பரப்பிக் கெடக்கு. அந்தப் பக்கமும் வேணாம், அது தரம் பிரிச்சு வச்சது. நின்னே பேசு. உக்காந்து பேசுற அளவுக்கு நமக்குள்ள ஒண்ணும் இல்ல.

பழம் எதுக்கு? சீக்காளியப் பாக்கவா வந்திருக்க? கொண்டு போயி மதினிகிட்டக் குடு.

கதவெல்லாம் சாத்த முடியாது. இது கமர்நிசாக்கா வீட்டு மாடி, எம் புருசன் வீடில்ல. கீழ அவுக ஏலக்காக் கடை. மேல நானும் இந்தக் காயும். பேசுறது கீழ கேக்குமா? கேக்கட்டும். ஊரு கேக்கணும்னுதான் நானும் கெடக்கேன்.

சரி, சொல்லு. என்ன சொல்லி அனுப்புச்சு அந்தாளு?

நீயா வந்தியா? யாருகிட்ட விடுற? ராசிங்காபுரத்துக்கும் போடிக்கும் எம்புட்டுத் தூரம்? போன வருசம் நான் காய்ச்சல்ல எந்திரிக்க மாட்டாம கெடந்தேன், எட்டிப் பாத்தியா? மச்சான் ஒரு போன் போட்டதும் வெரசா வண்டிய எடுத்துட்டு வந்துட்ட. ஈஸ்வரன் சொல்லாம நீ வந்திருக்க மாட்ட. ஆமா, புருசன் பேரச் சொல்லிட்டேன். மொறைக்காத. வாய் ஒண்ணும் வெந்து போகல.

என்னன்னு சொல்லுச்சு? போன்ல கண்டவன்கூடப் பாட்டுப் பாடுறா, அத ஒரு வார்த்தை கேட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாள்னா?

கண்டவன் யாருன்னு தெரிஞ்சுக்கிறயா? தாமோதரண்ணே, சேலத்துல பஸ்சு கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. சம்சாரம் தவறிப் போச்சு. கண்டவ வேணுமா? புவனா டீச்சர், மட்டக்களப்பு. தங்கம், குவைத்துல ஒரு வீட்டுல சமையல் வேலை. இன்னும் நாலஞ்சு பேரு. நம்ம அனுதான் அந்தப் பாட்டு ஆப்ப எம் போன்ல ஏத்திக் குடுத்தா, வீட்ல சும்மா ஒக்காந்திருக்கியேம்மான்னு. மியூசிக்கு அதுவா வரும், வரி கீழ ஓடும். பாதிய நான் பாடி விட்டா மீதிய அவுக அவுக ஊர்ல இருந்து பாடிச் சேத்துருவாக. அம்புட்டுத்தான். இதுல எங்கண்ணே கெட்டுப் போச்சு ஓம் மச்சானோட மானம்?

பள்ளிக்கூடத்துல நான் பாடிப் பரிசு வாங்குனது ஒனக்கு ஞாவகம் இருக்கா? இருக்காது. அன்னைக்கு ஒனக்குக் கெணத்தடியில சீட்டாடுற சோலி. சரி விடு.

பொறந்தநாளத்தான் கேக்கணும் நீ. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்கணும்ல? அந்தாளு சொன்னத மட்டும் கேட்டுட்டு வந்து நிக்கிற.

எனக்கு எப்பப் பொறந்தநாளுன்னு ஒனக்குத் தெரியுமா? முழிக்கிற பாரு. ஓங்கூடப் பொறந்தவதான நான். எனக்கே தெரியாதுண்ணே, ஸ்கூலு சர்டிபிகேட்டுல வாத்தியாரு போட்ட தேதிதான். அந்த ஆப்புல அதப் போட்டிருந்தேன். அதப் பாத்துட்டுத்தான் அவுகள்லாம் சேந்து, பொற்கொடிக்காவுக்குப் பொறந்தநாளு கொண்டாடணும்னு கெளம்பிட்டாக. அனுவுக்கு யாரோ சொல்லிப்புட்டாக. அவ மெட்ராஸ்ல இருந்து லீவு போட்டு வந்துட்டா.

ஆமா, பெத்த பிள்ளை வந்தா. நீ வரல. கூப்புடலயா? கூப்புட்டேன். தோட்டத்துக்கு மருந்தடிக்கணும்னு சொன்ன.

கேக்கு வாங்கி, கலர் பேப்பர் ஒட்டி, போன்ல இருக்கிறத டிவில தெரியிற மாதிரி வச்சா எம்மக. டிவி பூராவும் கட்டம் கட்டமா மூஞ்சி. தங்கம் அங்க அவ மொதலாளியம்மாவுக்குத் தெரியாம குளியலறைக்குள்ள ஒக்காந்து பேசுனா. புவனா டீச்சர் ஒரு வெளக்கு ஏத்தி வச்சிருந்தாக எனக்காக. தாமோதரண்ணே இஸ்திரி போட்ட சட்டையில வந்தாரு. எல்லாருமாச் சேந்து பாடுனாக. ஒருத்தருக்கு முன்ன ஒருத்தருக்குப் பின்னன்னு, ஒண்ணும் ஒண்ணும் ஒட்டல. கேக்க அம்புட்டு அழகா இருந்துச்சு. நான் அழுதுட்டேன். இந்த வயசுல நமக்கு ஒருத்தரு வெளக்கேத்துவாகன்னு யாரு நெனச்சா?

அந்தாளு எங்க இருந்துச்சா? ஜீப்ப வெளிய நிறுத்திட்டு வந்து மூலையில நாக்காலியில ஒக்காந்திருந்துச்சு. அனு கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டியாந்தது. மலையில ஏலத் தோட்டத்துக்குக் கூலி ஆள் ஏத்திட்டுப் போனா சாயங்காலம் எறக்கிக் கொண்டாந்து விடணும்ல, அன்னைக்கு வேற ஜீப்புக்காரன எறக்கி விடச் சொல்லிட்டு மத்தியானமே எறங்கி வந்துருச்சு. வந்ததச் சொல்லிக் காட்டுது. எனக்காக ஒரு நாச் சம்பளம் போச்சாம்.

மூஞ்சிய எப்பிடி வச்சிருந்துச்சுன்னு நான் சொல்லணுமா? இருவத்தஞ்சு வருசமாப் பாக்குற மூஞ்சிதான. சோத்துல உப்புக் கம்மின்னாலும் அதே மூஞ்சி, மக டிகிரி வாங்குனாலும் அதே மூஞ்சி.

தாமோதரண்ணே சும்மா இருந்திருக்கலாம். நல்ல மனசு, கேட்டுட்டாரு. அண்ணே, நீங்க அக்காவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு. எல்லாரும் கையத் தட்டுனாக. எந்திரிச்சு வந்து டிவிக்கு முன்னாடி நின்னுச்சு ஓம் மச்சான். நான் கேக்கு வெட்டுன கத்தியக் கீழ வச்சுட்டுப் பாத்தேண்ணே. ஏதாச்சும் நல்லதாச் சொல்லிருமோன்னு.

என்ன சொன்னுச்சு தெரியுமா? இவளப் பெரிய இவன்னு நெனச்சு நீங்கள்லாம் கூத்தடிக்கிறீக. கைப்புள்ளையத் தூங்கப் போட்டுட்டு உசிலம்பட்டி வரைக்கும் ஓடுனவதான இவன்னு.

அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி. அனுவுக்கு முன்னாடி. அந்தக் கைப்புள்ளை அவதான்.

தங்கம் மட்டும் குளியலறைக்குள்ள இருந்து அக்கா, அக்கான்னா. அனு போயி டிவிய அமத்திட்டா. வெட்டுன கேக்கு வெட்டுனபடி கெடந்துச்சு.

பாத்தியா, ஒரு வார்த்தைங்கிற. கோவத்துல வந்த வார்த்தைங்கிற. வர்றப்பவே மனப்பாடம் பண்ணிட்டு வந்தியா? மன்னிப்புக் கேக்கச் சொல்றயா அந்தாள? கேட்டா நான் வந்துரணுமா? நீ என்னமோ பெரிய மனுசனா நடுவுல நின்னு சேத்து வச்சுட்டு, வெத்தலை போட்டுட்டுப் போயிருவ. அன்னைக்கும் அப்பிடித்தான் கட்டி வச்ச. மாப்ள சொந்த ஜீப்பு வச்சிருக்காருன்னு.

உசிலம்பட்டிக்கு எதுக்குப் போனேன்னு இப்பத்தான் கேக்கத் தோணுதா?

போனேன். கல்யாணமாகி ரெண்டாவது வருசம். அனு பால் குடிக்கிற பிள்ளை. அடி வாங்கல, அப்பிடியெல்லாம் பாக்காத. அந்தாளு கைய நீட்டாது. பேசாது. காலையில போனா பொழுது சாய வரும், திங்கும், படுக்கும். அந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்னு செவத்துக்குத் தெரிஞ்சது கூட அதுக்குத் தெரியாது. பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சு. பிள்ளையத் தூங்கப் போட்டு, அடுத்த வீட்டுப் பொம்பளைகிட்டச் செத்தப் பாத்துக்கன்னு சொல்லிட்டு மதுரை பஸ்சுல ஏறிட்டேன். எங்க போறதுன்னு ஒரு ரோசனையும் இல்ல. உசிலம்பட்டி தாண்டல. மார்ல பால் கட்டிச் சீலையெல்லாம் நனைஞ்சு போச்சு. எறங்கி, எதுத்தாப்புல வந்த பஸ்சப் பிடிச்சு ஓடியாந்துட்டேன். அந்தாளு மலையில இருந்து எறங்குறதுக்குள்ள சோறும் ஆக்கிட்டேன். பிள்ளை முழிச்சுப் பால் குடிச்சுட்டு மறுபடி தூங்கிருச்சு. யாருக்கும் தெரியாது.

ஒனக்குச் சொல்லல. சொல்லிருந்தா நீயே மறுநா கூட்டியாந்து, இப்பிடியெல்லாம் ஓடக்கூடாதும்மான்னு புத்தி சொல்லி விட்டிருப்ப. ஆத்தாகிட்டயும் சொல்லல. அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பளைகிட்டக் கடைக்குப் போறேன்னுதான் சொன்னேன்.

அனு என்ன சொன்னாளா? பொறந்தநாளுக்கு மறுநா காலையில பையத் தூக்கிட்டு நின்னா. ஏம்மா எறங்குன, அப்பிடியே போயிருக்கலாம்லன்னா. அம்புட்டுத்தான் கேட்டா. கோவமில்ல அவளுக்கு. அவளாச்சும் நம்ம வீட்டு ரத்தமா இல்லாம போனாளே.

ஆங்? இப்பத்தான் கணக்கா ஒரு கேள்வி கேக்குற. யாருக்கும் தெரியாதுன்னா மச்சானுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?

ஒருத்திகிட்டச் சொல்லிருந்தேன். ஆப்புல இருக்கிறவதான். சுகந்தி, திருப்பூரு, பனியன் கம்பெனியில வேலைன்னா. மத்தவுக மாதிரி பாட மாட்டா, தொண்டை சரியில்லக்காம்பா. எல்லாப் பாட்டையும் கேப்பா. பெறகு தனியா மெசேஜ் போட ஆரம்பிச்சா. டெய்லி மத்தியானம் வரும். அக்கா சாப்டீங்களா. முதுகு வலி தேவலயா. என்ன கொழம்பு. அந்தக் கருநீலச் சீலையில போட்டோ நல்லா இருந்துச்சுக்கா. ஒரு வருசத்துக்கு மேலண்ணே, ஒரு நா தவறல. முதுகுக்கு ஒரு தைலம் பேரு சொன்னா, வாங்கித் தேச்சேன், கேட்டுச்சு. உசிலம்பட்டி போனத அவகிட்டத்தான் எழுதுனேன். அன்னைக்கு ரொம்ப நேரம் அவகிட்ட இருந்து பதிலே வரல. பெறகு வந்துச்சு, பாவம்க்கா நீங்கன்னு.

வீடியோவுல வர மாட்டா. கேமரா போயிருச்சும்பா. பொறந்தநாள் அன்னைக்கும் அவ ஒருத்திதான் வரல.

வெளங்கலயா ஒனக்கு? இன்னும் வெளங்கலயாண்ணே?

மறுநா காலையில ஆள் ஏத்த ஜீப்ப எடுத்து வெளிய நிறுத்திட்டு, அந்தாளு உள்ள வந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வாசல்ல ஜீப்புகிட்ட நின்னு சுகந்திக்கு ஒரு மெசேஜ் போட்டேன், எந்திரிச்சியாம்மான்னு. சீட்டுக்கு அடியில டிங்குன்னுச்சு. சந்தேகத்துக்கு மறுபடி ஒண்ணு போட்டேன். மறுபடி டிங்கு. துணியில சுத்தி ஒரு சின்னப் போன்.

ஆமா. ஓம் மச்சான்தான் சுகந்தி.

ஒக்காந்துராதண்ணே, காய் நசுங்குது. நின்னு கேளு.

வேவு பாக்கத்தான் ஆரம்பிச்சிருக்கு. மொதல்ல எல்லாம் சுகந்தி தாமோதரண்ணனப் பத்தித்தான் நோண்டி நோண்டிக் கேப்பா. அவரு எப்பிடி, தனியாப் பேசுவாரா, போட்டோ கேப்பாரான்னு. பெறகு அத விட்டுட்டா. பெறகு என்னய மட்டுந்தான் கேட்டா. மலையில மரத்தடியில ஜீப்ப நிறுத்திட்டு, பகல் பூராவும் ஒக்காந்து ஒக்காந்து எம் முதுகு வலியக் கேட்டிருக்கு. பொழுது சாய எறங்கி வந்து, தட்டத் தள்ளி வச்சுட்டு ஒண்ணும் பேசாமப் படுத்திருக்கு. ஒரே நாள்ல. ஒரே ஆளு.

பொய் சொன்னது கெடக்கு. ஆள்மாறாட்டம் பண்ணது கெடக்கு. எல்லாருக்கும் முன்னாடி அசிங்கப்படுத்துனதக்கூட நான் வுட்டுருவேன். அந்தாளுக்கு ஒருத்திய எப்பிடி அக்கறையா விசாரிக்கணும்னு தெரிஞ்சிருக்குண்ணே. தெரியாத ஆளு, மலை மாதிரி மனுசன், வாயில வராதுன்னுதான இம்புட்டு வருசமும் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சிருக்கு. புருசனா நின்னு எனக்குன்னு குடுக்கல.

வரமாட்டேன். போயிச் சொல்லு. காய் பொறக்கிக் கூலி வாங்கித் திங்க எனக்குக் கை இருக்கு.

சுகந்தியா? நேத்தும் மெசேஜ் போட்டிருந்தா. வீட்டுக்குப் போயிருங்கக்கா, அண்ணன் பாவம்னு. தலை வலிக்குதா, காப்பி குடிச்சீங்களான்னு. பதில் போடல. இனிமேலும் போட மாட்டேன். வந்ததப் படிப்பேன், வச்சிருவேன்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இத நான் கண்டுபிடிச்சத அந்தாளுகிட்ட நீ மூச்சு விடக்கூடாது. என்ன வேணா சொல்லிக்க, திமிரெடுத்தவன்னு சொல்லு, ஆம்பளைகூடப் பாடப் போறாள்னு சொல்லு. இத மட்டும் சொல்லிராத.

ஏனா? எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னா, சாப்டீங்களான்னு கேக்குறத நிறுத்திப்புடும்.