செண்பகராஜ் தலை குனியும் நொடி

உங்க பிள்ளைங்களோட மார்க் ஷீட் எல்லாருக்கும் வந்துடுச்சா? சரி... அதை ஒரு அஞ்சு நிமிஷம் மடியில கவுத்து வச்சுக்கோங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். ஹாக்கிக் கதை.

கோவில்பட்டிப் பக்கம் போயிருக்கீங்களா? அங்க ஸ்டிக்கையே தொடாதவருக்கும் ஹாக்கியைப் பத்தி ஒரு கருத்து இருக்கும். அந்த ஊர்ல ஒரு டீக்கடை. தினமும் சாயங்காலம் ரெண்டு பேர் அங்க வருவாங்க. ஒருத்தர் வெயிலுகந்தன், எரிஞ்சுபோன மோட்டாருக்குக் காயில் கட்டறவர். இன்னொருத்தர் தாவீது, பஸ் கண்டக்டர். ரெண்டு பேரும் பேசறது ஒரே ஆளைப் பத்தித்தான். செண்பகராஜ். பத்தொன்பது வயசு. ஊர் டீமோட ஃபார்வர்டு.

வெயிலுகந்தன் ஆரம்பிப்பார். "யோவ், இன்னைக்கு அவன் ஓட்டத்தைப் பார்த்தியா? பந்து ஸ்டிக்குல ஒட்டிக்கிட்டுல்ல வருது!"

"ஓட்டம் சரி மாப்ள. பந்தை வாங்குனதும் ஒரு நொடி தலையைக் குனிஞ்சு பாக்கானே, அது என்னத்துக்கு? அந்த நேரத்துல ஒருத்தன் வந்து தட்டிட்டுப் போயிருவான்."

"எவன் தட்டுனான் இதுவரைக்கும்? உனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்."

"உனக்கு எரிஞ்ச மோட்டாரைத்தான் தெரியும். ஓடுறதைப் பத்திப் பேசாத!"

இது ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல... ரெண்டு வருஷம். பேசிக்கிட்டு இருக்கும்போதே செண்பகராஜ் பிராக்டிஸ் முடிஞ்சு சைக்கிள்ல அந்த வழியா வருவான். அப்போ என்ன நடக்கும்? ரெண்டு பேரும் கப்சிப்.

"வாய்யா... டீ சாப்பிடுதியா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"வெக்கை ஜாஸ்தி, என்ன?"

"ஆமா அண்ணாச்சி."

அவ்வளவுதான். சைக்கிள் திரும்பி மறைஞ்சதும்... "இருந்தாலும் அவன் குனியுறது இருக்கே..."

அந்த டீமுக்கு அப்போ கோச் கிடையாது. இருந்தவர் ஊர் மாறிப் போயிட்டார். பசங்க தாங்களாவே பழகிக்கிட்டாங்க. அப்படியே பழகி, அந்த வருஷம் ஒரு பெரிய போட்டியில ஃபைனலுக்கே வந்துட்டாங்க. ஃபைனலைப் பார்க்க ஒரு பெரிய டீம்ல இருந்து ஆள் வர்றாங்க, ஒரே ஒரு ஆட்டக்காரரை எடுக்கப் போறாங்க, எடுத்தா வேலையும் சேர்த்துக் கிடைக்கும்னு ஊருக்கே தெரியும். செண்பகராஜுக்கும் தெரியும்.

ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம். அதே டீக்கடை. ஒரு வெளியூர்க்காரர் ஓரமா நின்னு டீ குடிக்கிறார். மெதுவா கேட்கிறார். "ஏங்க, அந்தச் செண்பகராஜைத் தடுக்கவே முடியாதுங்கறாங்களே... நிஜமாவா?"

கேட்கணுமா? வெயிலுகந்தன் கால் மணி நேரம் அவன் வேகத்தைப் பத்திப் பேசினார். அதைக் கேட்ட தாவீதுக்குப் பொறுக்கல. கடைக்காரரோட ரெண்டு கிளாஸை எடுத்து பெஞ்சுல வச்சார். "இது அவன், இது நீங்க. பந்து வருது. வாங்குறான்... இப்போ பாருங்க, குனியுறான்! ஒரே நொடி. அந்த நொடியில நீங்க உள்ள வந்தீங்கன்னா பந்து உங்களுக்கு."

வந்தவர் அந்தக் கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தார். "நீங்க ஆட்டத்தை ரொம்ப நல்லாப் பார்க்கறீங்க சார்"ன்னார். தாவீதுக்குப் பெருமை தாங்கல.

மறுநாள் ஃபைனல். எதிர் டீமோட கோச் கோட்டுக்கு வெளியில நிக்கறார். கேலரியில வெயிலுகந்தன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யோவ்... அது நேத்து டீ குடிச்ச ஆளுல்ல?"

தாவீது எழுந்து நின்னு பார்த்தார். அதே ஆள்தான்.

செண்பகராஜுக்குப் பந்து வந்தது. வாங்கினான், குனிஞ்சான்... எதிர் டீமோட நாலாம் நம்பர் தட்டிட்டுப் போயிட்டான். மறுபடி வந்தது. மறுபடி குனிஞ்சான். மறுபடி நாலாம் நம்பர். இடைவேளைக்குள்ள ஏழு தடவை. பையனுக்கு என்ன நடக்குதுன்னே புரியல.

இடைவேளையில தாவீது கேலரியை விட்டு இறங்கி, வேலிகிட்டப் போய் நின்னார். "தம்பி... பந்தை வாங்குனதும் நீ தலையைக் குனியுறய்யா. அதைப் பார்த்துத்தான் அவன் உள்ள வாரான்."

"அப்படியா அண்ணாச்சி? இன்னைக்கா?"

"இல்லய்யா... ரெண்டு வருஷமா."

அவன் கோபப்படல. முகத்தைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டான்.

"ரெண்டு வருஷமா தெரியுமா அண்ணாச்சி? நான் தினமும் அந்த வழியாத்தானே வந்தேன்..."

அதுக்கப்புறம் அவன் தலையை நிமிர்த்தப் பார்த்தான். ஆனா ரெண்டு வருஷப் பழக்கம் அரை மணி நேரத்துல போயிடுமா? போகல. ரெண்டு கோல்ல தோத்தாங்க. அந்தப் பெரிய டீம் நாலாம் நம்பரை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

மறுநாள் காலையில ஆறு மணிக்குச் செண்பகராஜ் மைதானத்துக்கு வந்தப்போ, கண்டக்டர் சட்டையோட தாவீது அங்க நின்னார். பந்து வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வார்த்தை... "தலை!" முதல் பஸ்ஸுக்குப் போற வரைக்கும். "தலை!" பக்கத்துல வெயிலுகந்தன். "ஏய்யா, உன் ஓட்டத்துக்கு ஈடு கிடையாதுய்யா!" யோசிச்சுப் பாருங்க... அதையும் அன்னைக்குத்தான் அவன் முதல் தடவையா கேட்கிறான்.

இப்போ உங்க மடியில இருக்கற தாளைத் திருப்புங்க.

அதுல ஏதோ ஒரு பாடத்துல மார்க் குறைஞ்சிருக்கும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள அது யாருக்கெல்லாம் தெரியும்? எதிர்வீட்டுக்குத் தெரியும். போன்ல சித்திக்குத் தெரியும். "நல்லா வரையறா, கணக்குதான் வரல"ன்னு ஆபீஸ்ல தெரியும். நாங்க மட்டும் என்ன? ஸ்டாஃப் ரூம்ல நாங்களும் தாவீது மாதிரி கிளாஸை எடுத்து பெஞ்சுல வைக்கறவங்கதான். ஆனா அந்தக் கணக்கு வராத பொண்ணு உள்ள வந்ததும் என்ன கேட்கறோம்? "சாப்பிட்டியா? வெயில் ஜாஸ்தியா?"

பிள்ளைகளோட குறையைப் பார்க்காதீங்கன்னு நான் சொல்லல. பாருங்க. தாவீது பார்த்தது சரிதான். ஆனா பார்த்ததை முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டு மறுநாள் காலையில பக்கத்துல நில்லுங்க.

மைதானத்துல நிக்கறது அவங்கதானே... நாம இல்லையே.