ஏழு பாட்டில் காய்ச்சல் மருந்து

சித்திரை மாதம். மத்தியானம் பன்னிரண்டு மணி. கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகும் வண்டிப்பாதை... முன்னே ஆள் இல்லை, பின்னே ஆள் இல்லை.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சிப்பொழுது போதும். கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். இது நம் சிவசாமியின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் தங்கமுத்து. இப்போது மரியாதையான மனிதர். அப்போது இருபத்திரண்டு வயசு. அந்தத் தங்கமுத்துவை 'அவன்' என்றே சொல்கிறேன். அவரும் அப்படித்தான் சொல்வார்.

ஏழு வருஷம் முந்தி. புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கம்பவுண்டர் படிப்பு. இரண்டு வருஷத்தில் ஒன்று முடிந்திருந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இளக்காரம்.

டாக்டர் சீட்டில் கிறுக்குவார், இவன் கலக்க வேண்டும். கல்வத்தில் அரைக்க வேண்டும். நோயாளிகள் கொண்டுவரும் பாட்டில்களைக் கழுவ வேண்டும்... ஒன்றில் விளக்கெண்ணெய் நாற்றம், ஒன்றில் கள் நாற்றம். வேளைக்கு இவ்வளவு என்று தெரியக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டினாலும் அந்தச் சனங்கள் மூன்று வேளை மருந்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுநாள் வந்து நிற்பார்கள். "மாடுங்க" என்று வாய்க்குள் முனகிக்கொண்டுதான் பாட்டிலை நீட்டுவான்.

இதை விட்டுவிட்டு அம்மை குத்துகிற வேலைக்குப் போய்விடலாம் என்று ஆசை வந்தது. ஆறு மாதப் பயிற்சி. காக்கிச் சட்டை, சைக்கிள், தோல் பை. போகிற ஊரில் நாற்காலி போட்டு இளநீர் வெட்டுவார்கள். பாட்டில் கழுவ வேண்டாம். மனுவே எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட்டான். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அந்த வேலையைக் கண்ணால் பார்த்துவிட நினைத்தான்.

அந்தப் பக்கம் அம்மை குத்துகிறவர் சேவுகன். கார்த்திகை மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவரே இவனை அழைத்திருந்தார். "ஒரு நாளைக்கு எங்கூட வந்து பாருங்க, தம்பி. ராஜா வேலை."

அதனால்தான் அந்த வெயிலில் அந்தப் பாதை.

பாறைமேட்டைத் தாண்டியதும் ஓர் இலுப்பை மரம். அதன் கீழே சைக்கிளைப் பிடித்தபடி சேவுகன் நின்றார். இவனுக்காகவே காத்திருந்த மாதிரி... இவன் கடிதம் எதுவும் போடவில்லை.

"வந்துட்டீங்களா. வாங்க. ஏழு பிள்ளைகதான் பாக்கி."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சங்கிலி கிரீச்... கிரீச்... என்றது. பாதையை விட்டு இறங்கினால் செம்மண் பொட்டல். அதன் நடுவில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள குடியிருப்பு. நாய் குரைக்கவில்லை. அடுப்புப் புகை இல்லை. காய்ந்த வேப்பிலை வாசம் மட்டும்.

"பெரியவங்க யாரையும் காணோமே, சார்?"

"இதுககிட்ட என்ன பேச்சு? கையைப் புடி, கீறு, எழுது. அவ்வளவுதான் நம்ம சோலி."

அது தங்கமுத்துவுக்குப் பிடித்திருந்தது. தன் மனசைத் திறந்து படித்த மாதிரி இருந்ததாம்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பையன் நின்றான். கூப்பிடவே இல்லை, கையை நீட்டிவிட்டான். சேவுகன் ஸ்பிரிட் விளக்கில் கருவியைக் காட்டினார். தோலில் வைத்துத் திருகினார். அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தைத் தடவினார். பெயரைச் சொன்னார். தங்கமுத்து பதிவுப் புத்தகத்தில் எழுதினான். பையன் அழவில்லை.

இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டிலும்.

ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டாலே பிள்ளைகள் ஊரைக் கூட்டும். இங்கே ஒரு முனகல் இல்லை. கையைப் பிடித்துக்கொள்வது இவன் வேலை. அந்த வெயிலில்... பானையடி மணலைத் தொட்ட மாதிரிச் சில்லென்று இருந்தன அந்தக் கைகள்.

"கீறுன எடத்துல ரத்தமே வரலையே, சார்."

"சரியாக் கீறுனா வராது."

அது உண்மைதான். பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்தான்.

ஏழாவது வீட்டில் ஒரு பெண்பிள்ளை. ஆறு வயசு இருக்கும். செவந்தி என்று சேவுகன் சொன்னார், இவன் எழுதினான். அந்தப் பிள்ளை மட்டும் நிமிர்ந்து பார்த்தது. சேவுகனை அல்ல, இவனை.

"இப்பக் குத்துனா நல்லாயிருமா?"

"ஆயிரும், ஆயிரும். கையை ஆட்டாத."

"அப்ப எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாமா?"

வீட்டு வாசலில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியைப் பார் என்று இவனுக்குச் சிரிப்பு. "போ. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றான்.

சேவுகன் புத்தகத்தை வாங்கி ஏழு பெயர்களையும் விரலால் தடவிப் பார்த்தார். ஊருணியில் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினார். சங்கிலிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு இல்லை.

தங்கமுத்து காத்திருந்தான்... அரை மணி நேரம். நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்கலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினான்.

கூரை இல்லை. ஒரு வீட்டுக்கும் இல்லை. கரிப்பிடித்த மண்சுவர்கள். வாசல் இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்து நின்றது.

"யாருய்யா அது? இங்கிட்டு எதுக்கு வந்தீங்க?"

ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி மேட்டில் நின்றாள். முப்பது வயசுக்குள்தான். பெயர் பிச்சையம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து வாரேன். அம்மை குத்துற சேவுகன் சாரோட."

அவள் இவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். காறித் துப்பினாள்.

"ஐப்பசியில வந்தாரு அவரு. மரத்தடியில உக்காந்து எளநி குடிச்சாரு. பிள்ளைக பேரையெல்லாம் கேட்டுக் குத்துனதா எழுதிக்கிட்டாரு. ஒரு பிள்ளையையும் தொடலை. 'ஒங்களைத் தொட்டா எனக்குத்தான் நோவு வரும்'னு சிரிச்சுக்கிட்டே போனாரு. மாசியில அம்மை போட்டு ஏழு பிள்ளைக போச்சு. கூரையைக் கொளுத்திட்டுக் கம்மாய்க்கு அங்கிட்டுக் குடிபோயிட்டோம்."

"அவர்... இப்ப இங்கதான்..."

"அவரு பங்குனியில செத்தாரு. அதே நோவு."

தங்கமுத்து நடந்ததை அவளிடம் சொன்னான். ஏழு பெயரையும் சொன்னான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எம் மக செவந்தி வீட்டுக்குப் போகலாமான்னு கேட்டாளா? நீங்க என்ன சொன்னீங்க?"

"போன்னு சொன்னேன்."

அவள் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கம்மாய்ப் பக்கம் ஓடினாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவன் இரண்டு நாள் சுரத்தில் கிடந்தான். எழுந்ததும் சட்டைப்பையைப் பார்த்தான். மனு இருந்தது. வெயிலில் ஏதோ கண்டோம், மூளை கலங்கிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். திங்கள்கிழமை மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மை குத்தினால் எட்டாம் நாள் அந்த இடம் பழுக்கும், சுரம் வரும். மருந்து படித்த எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் நாள் திங்கள்கிழமையாக இருந்தது. காலையில் ஜன்னலுக்கு வெளியே பிச்சையம்மாள் நின்றாள். கையில் ஓலைப்பெட்டி. அதில் கழுவித் துடைத்த ஏழு பாட்டில்.

"ஏழு பேருக்கும் கை பழுத்திருக்கு. ராத்திரியெல்லாம் காந்துது, அனத்துதுக. காய்ச்ச மருந்து குடுங்க."

மற்ற நாளாக இருந்தால் விரட்டியிருப்பான். அவள் முகத்தைப் பார்த்தான். பைத்தியக்காரியின் முகம் இல்லை அது. தூக்கம் கெட்டுப் பிள்ளை பார்க்கிற தாயின் முகம்... ஆஸ்பத்திரி ஜன்னலில் தினமும் பார்த்து, ஒரு நாளும் பார்க்காத முகம். அதிலும் ஒரு வெறுப்பு இருந்தது. இவனைப் பார்த்துத்தான்.

"வயசென்ன?" என்று கேட்டான்.

அவள் ஒவ்வொருவர் வயசாகச் சொன்னாள். ஒவ்வொரு வயசுக்கும் அளவு பார்த்துக் கலந்தான். பல்பல்லாகக் காகிதம் வெட்டி ஏழு பாட்டிலிலும் ஒட்டினான். ஒன்று கோணலாகப் போனது, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினான். எத்தனை வேளை என்று இரண்டு தடவை சொன்னான். அவள் தலையாட்டினாள். ஒரு வேளையும் தவறாமல் கொடுப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

மனுவை அவன் கொடுக்கவில்லை. கம்பவுண்டர் படிப்பை முடித்தான். அங்கேயே வேலை.

ஒவ்வொரு சித்திரையிலும் அவள் வருவாள். அதே பெட்டி, அதே ஏழு பாட்டில்கள். உள்ளே ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. கம்மாய்க்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கத் தங்கமுத்துவுக்குத் துணிச்சல் வந்ததில்லை. போய் வந்த ஒரு வண்டிக்காரன் சொன்னான்: மத்தியானமானால் அந்த ஏழு வீட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார்களாம், வாசலில் தண்ணீர் தெளித்து வைக்கிறார்களாம். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் உலகச் சண்டையால் மருந்துக்குத் தட்டுப்பாடு. இருந்தும் ஏழு பாட்டிலுக்கானதைத் தங்கமுத்து தனியாக எடுத்து வைத்திருந்தார். சித்திரை பிறந்தது. பிச்சையம்மாள் வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. வழக்கம்போல வயசு கேட்கப் போனவரைக் கையமர்த்தினாள்.

"ஆறு பேருக்கும் போன வருசத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. செவந்திக்கு மட்டும் இனிமே பெரியவங்க அளவு."

"ஏன்?"

"போன வெள்ளிக்கெழமை சமஞ்சுட்டா. காலையிலதான் தண்ணி ஊத்துனோம்."

பாட்டிலை நீட்டினாள். அவள் விரல்களில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.